கரையிலிருந்து பேசும் குரல்: துறைமுக ராடார் சேவை பற்றி ஒரு கேப்டனின் மதிப்பீடு

மேல்விஷாரத்தில் தோல் பதனிடும் தொழில் செய்யும் நண்பர் ஒருவர், சென்ற ஐப்பசியில் விடாமல் மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில், காட்பாடி காந்தி நகரில் உள்ள என் வீட்டுக்கு வந்திருந்தார். பதனிடும் ரசாயனங்கள் ஏற்றிய அவருடைய கன்டெய்னர் இரண்டு நாட்களாகக் கடலிலேயே நிற்கிறது என்றும், கப்பல் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டுவிட்டதைத் தம் மகன் கைப்பேசியில் காட்டினான் என்றும் சொன்னார். “கண்ணுக்குத் தெரியுற தூரத்துல நிக்குது, கேப்டன் சார். உள்ள வான்னு அதுக்கு யாரு சொல்லணும்?” என்று கேட்டார். “கரையில ஒரு அறையில உக்காந்து ராடார் பாக்கறவங்க சொல்லணும், பாய்” என்றேன். அந்த ஒரு வரிப் பதில் அவருக்கும் போதவில்லை, எனக்கும் போதவில்லை.

நான் வணிகக் கப்பல்களில் 31 ஆண்டுகள் பணியாற்றியவன். அவற்றில் கடைசி 12 ஆண்டுகள் கேப்டனாக இருந்தேன். கடலைப் பார்க்க வேண்டுமானால் கிழக்கே ஏறத்தாழ 140 கிலோமீட்டர் போக வேண்டிய ஊரில் பிறந்தவன். ஆனாலும் ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என்று எங்கள் பக்கத்துத் தோல் தொழில் முழுவதும் கப்பலை நம்பியே நடக்கிறது. ஒரு கப்பல் துறைமுக வாயிலில் பத்திரமாக, நேரத்தோடு நுழைவதற்கு எந்தச் சேவை உதவுகிறதோ, அந்தச் சேவையின் தரம் எங்கள் ஊர்த் தொழிற்சாலைகளில் சம்பளம் வாங்கும் ஒவ்வொருவரையும் தொடுகிறது. கப்பல் போக்குவரத்துச் சேவை என்றும், உலக வழக்கில் வி.டி.எஸ். என்றும் சொல்லப்படும் அந்தச் சேவையைப் பல நாடுகளின் துறைமுகங்களில் பயன்படுத்தியவன் என்ற முறையில் இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன்.

முதலில் இந்தச் சேவை பயன்படுத்துகிறவனுக்கு எப்படிக் கிடைக்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். துறைமுகத்திலிருந்து குறிப்பிட்ட தொலைவுக்கு வந்ததும் கேப்டன் வி.எச்.எஃப். வானொலியில் கரையை அழைத்து, கப்பலின் பெயர், அழைப்புக் குறி, இருக்கும் இடம், கப்பல் நீரில் அமிழ்ந்திருக்கும் ஆழம், ஏற்றி வந்த சரக்கு, குறிப்பாக அபாயகரமான சரக்கு உண்டா என்பதையெல்லாம் தெரிவிக்கிறார். கரையில் இருக்கும் ஆபரேட்டர் தம் ராடார் திரையில் அந்தக் கப்பலை அடையாளம் கண்டு, எங்கே நங்கூரம் இட வேண்டும், துறைமுகத்துக்குள் வழிகாட்டும் பைலட் எத்தனை மணிக்கு எந்த இடத்தில் ஏறுவார், வெளியே வரும் கப்பல்கள் எவை, காற்றும் அலையும் எப்படி இருக்கின்றன என்பதைச் சொல்கிறார். பைலட் ஏறிக் கப்பல் பெர்த்தில், அதாவது சரக்கு இறக்கும் மேடையருகே, கட்டப்படும் வரையிலும் அந்தத் திரையிலிருந்து கப்பல் மறைவதில்லை. பெர்த் காலியாக இல்லையென்றால் ராடார் எவ்வளவு நன்றாக இருந்தாலும் கப்பல் வெளியே காத்திருக்கத்தான் வேண்டும். நண்பரின் கன்டெய்னர் காத்திருந்ததும் மழையாலும் பெர்த் நெருக்கடியாலும்தான். ஆனால் முப்பது கப்பல்கள் காத்திருக்கும் இடத்தில் ஒன்றின் மேல் ஒன்று இழுபடாமல் நிற்பதும், முறை வந்தவுடன் ஒரு மணி நேரம்கூட வீணாகாமல் உள்ளே போவதும் அந்த அறையில் இருப்பவர்களின் கையில் இருக்கிறது. இதற்கான கட்டணம் பல துறைமுகங்களில் மற்றத் துறைமுகக் கட்டணங்களோடு சேர்ந்தே வந்துவிடுவதால், சரக்கு உரிமையாளரின் கண்ணில் இந்தச் சேவை தனியாகப் படுவதே இல்லை.

கப்பலிலேயே ராடார் இருக்கும்போது கரையில் எதற்கு இன்னொன்று என்று நண்பர் கேட்டார். நல்ல கேள்வி. வேலூர்க் கோட்டைக்குக் கிழக்கே குன்றுகளின் மேல் பழைய மலைக்கோட்டைகள் நிற்கின்றன. உயரத்தில் நிற்கும் காவலாளிக்குத் தொலைவு தெரியும் என்பதை எங்கள் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ராடார் அலை ஏறத்தாழ நேர்கோட்டில் போகிறது. பூமியின் வளைவு அதற்கு எல்லை கட்டுகிறது. 49 மீட்டர் உயரமுள்ள கோபுரத்தில் பொருத்திய ராடார், 16 மீட்டர் உயரமுள்ள ஒரு கப்பலை ஏறத்தாழ 24 கடல் மைல் தொலைவிலேயே பார்த்துவிட முடியும். இது உயரத்தால் கிடைக்கும் லாபம். இதைவிடப் பெரிய லாபம் ஆன்டெனாவின் நீளத்தால் கிடைக்கிறது. கப்பலில் பொதுவாக 6 அடி அல்லது 8 அடி ஆன்டெனா சுழல்கிறது. கரையில் 18 அடி ஆன்டெனாவையும் தாராளமாக நிறுத்தலாம், ஏனென்றால் கோபுரம் ஆடுவதில்லை, இடத்துக்கும் பஞ்சமில்லை. ஆன்டெனா நீள நீள, அது அனுப்பும் கற்றை மெலிந்துகொண்டே போகும். 6 அடி ஆன்டெனாவின் கற்றை ஏறத்தாழ 1.2 டிகிரி அகலம் கொண்டது. 5 கடல் மைல் தொலைவில் அந்த அகலம் 190 மீட்டருக்கு மேல் விரிந்துவிடுகிறது. அந்த 190 மீட்டருக்குள் அருகருகே இரண்டு படகுகள் இருந்தால் கப்பலின் திரையில் அவை ஒரே புள்ளியாகத் தெரியும். 18 அடி ஆன்டெனாவின் 0.4 டிகிரிக் கற்றை அதே தொலைவில் 65 மீட்டர் அளவே விரிவதால், கரையில் இருப்பவருக்கு அவை இரண்டு புள்ளிகளாகப் பிரிந்து தெரிகின்றன.

தொலைவை அளக்கும் முறையும் எளிமையானதே. அனுப்பிய துடிப்பு எதன் மேலாவது பட்டுத் திரும்பி வரும் நேரத்தைக் கருவி கணக்கிடுகிறது. ஒரு மைக்ரோ விநாடி தாமதம் என்றால் 150 மீட்டர் தொலைவு. துடிப்பைப் பத்தில் ஒரு மைக்ரோ விநாடியாகச் சுருக்கினால், ஒன்றன்பின் ஒன்றாக 15 மீட்டர் இடைவெளியில் இருக்கும் இரண்டு பொருட்களைக்கூடப் பிரித்தறியலாம். மழைதான் இதன் பகை. துறைமுக ராடார்கள் பெரும்பாலும் 3 சென்டிமீட்டர் அலைநீளத்தில் வேலை செய்கின்றன. அந்த அலை நுணுக்கமாகப் பார்க்கும், ஆனால் அடைமழையில் மழைத்துளிகளே எதிரொலித்துத் திரையை மூடிவிடும். 10 சென்டிமீட்டர் அலை மழையை ஊடுருவும், ஆனால் அதே நுணுக்கம் கிடைக்க இன்னும் நீளமான ஆன்டெனா வேண்டும். வடகிழக்குப் பருவமழை நேரடியாகத் தாக்கும் நம் கிழக்குக் கரையில் இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்வதே அறிவுடைமை என்பது என் கருத்து. ஒரே கோபுரத்தை நம்புவதும் கூடாது. மலைக்குப் பின்னால் போனால் கைப்பேசி சிக்னல் தேய்வதைக் காட்பாடியில் எல்லோரும் அனுபவித்திருக்கிறோம். அதுபோலவே, பெரிய எண்ணெய்க் கப்பல் ஒன்றுக்குப் பின்னால் ஒதுங்கிய சிறு படகு ராடாரின் நிழலில் மறைந்துவிடும். வேறொரு கோணத்திலிருந்து பார்க்கும் இரண்டாவது கோபுரம்தான் அந்த நிழலை நீக்கும்.

ஏ.ஐ.எஸ். வந்த பிறகு ராடார் எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. சர்வதேசப் பயணம் செய்யும் 300 டன் அளவுக்கு மேற்பட்ட கப்பல்கள் தங்கள் பெயர், இடம், வேகம், திசை ஆகியவற்றைத் தாங்களே வானொலியில் ஒலிபரப்பிக்கொண்டே இருக்கும் ஏற்பாடு அது. 2004 இறுதிக்குள் கட்டாயமாக்கப்பட்டது. நண்பரின் மகன் கைப்பேசியில் பார்த்ததும் அதைத்தான். நங்கூரத்தில் நிற்கும் கப்பல் 3 நிமிடத்துக்கு ஒரு முறையும், ஓடும் கப்பல் வேகத்தைப் பொறுத்துச் சில விநாடிகளுக்கு ஒரு முறையும் இதை அனுப்புகின்றன. மிகப் பயனுள்ள ஏற்பாடுதான். ஆனால் ஏ.ஐ.எஸ். என்பது கப்பல் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வது. அதன் கருவி பழுதானால் பொய்யான இடத்தைச் சொல்லும், அணைத்துவிட்டால் ஒன்றுமே சொல்லாது. ராடாருக்கோ எதிரே இருப்பவரின் ஒத்துழைப்பு வேண்டியதில்லை. அங்கே எது இருக்கிறதோ அதைக் காட்டும். கரைக் கட்டுப்பாட்டு அறையில் இரண்டையும் ஒரே திரையில் பொருத்திப் பார்ப்பதால், சொல்லும் இடமும் இருக்கும் இடமும் ஒத்துப்போகின்றனவா என்று சரிபார்க்க முடிகிறது. கருவிகளின் தரத்துக்கு மட்டும் மதிப்பெண் தரச் சொன்னால், நான் பார்த்த நல்ல துறைமுகங்களில் 5-க்கு 5 தயங்காமல் தருவேன்.

ஆனால் இந்தச் சேவையின் தரம் கருவியில் இல்லை. பார்த்ததைச் சரியான நேரத்தில், சரியான சொல்லில் சொல்வதில்தான் இருக்கிறது. என் 31 ஆண்டுகளில் நான் உறுதியாகத் தெரிந்துகொண்டது இது. இந்தச் சேவையின் வரலாறும் அதையே காட்டுகிறது.

1904-இல் ஜெர்மனியின் கொலோன் நகரில் கிறிஸ்டியன் ஹ்யுல்ஸ்மேயர் என்பவர் ரைன் நதியில் செல்லும் கப்பலை வானொலி எதிரொலி மூலம் கண்டறிந்து காட்டினார். அதாவது ராடாரின் முதல் வடிவமே கப்பல்கள் மோதாமல் காப்பதற்காகத்தான் பிறந்தது. அன்று அதை வாங்க ஆள் இல்லை. இரண்டாம் உலகப் போரில் முதிர்ந்த அந்தக் கருவி 1948-இல் துறைமுகத்துக்கு வந்தது. அந்த ஆண்டின் தொடக்கத்தில் ஐல் ஆஃப் மேன் தீவின் டக்ளஸ் துறைமுகத்திலும், ஜூலையில் லிவர்பூலிலும் கரை ராடார்கள் இயங்கத் தொடங்கின. பனிமூட்டம் விழுந்தால் கப்பல்கள் வெளியே நின்று, அது விலகியதும் எல்லாம் ஒன்றாக உள்ளே வர முண்டியடித்ததுதான் லிவர்பூலின் சிக்கல். ராடார் அதைத் தீர்த்தது. பின்னர் ராட்டர்டாம் முதலிய ஐரோப்பியத் துறைமுகங்கள் ஆற்று முகத்துவாரம் நெடுகச் சங்கிலி போல ராடார் நிலையங்களை நிறுவின.

1971 ஜனவரி 18 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவில் நடந்ததை ஒவ்வொரு ஆபரேட்டரும் படித்தே ஆக வேண்டும். அங்கே அமெரிக்கக் கடலோரக் காவல் படை சோதனை முறையில் கரை ராடார் ஒன்றை இயக்கிக்கொண்டிருந்தது. அடர்ந்த பனிமூட்டத்தில் ஆரிகன் ஸ்டாண்டர்டு, அரிசோனா ஸ்டாண்டர்டு என்ற இரண்டு எண்ணெய்க் கப்பல்கள் ஒன்றையொன்று நெருங்குவது திரையில் தெரிந்தது. பார்த்தவர்களால் ஒரு கப்பலை வானொலியில் பிடிக்க முடியவில்லை. கோல்டன் கேட் பாலத்தடியில் இரண்டும் மோதின. விரிகுடா எங்கும் எண்ணெய் பரவியது. ராடார் தன் வேலையைக் குறைவின்றிச் செய்திருந்தது, சொல் மட்டும் போய்ச் சேரவில்லை. கப்பல்களை இயக்கும் அறைகளான பிரிட்ஜுகள் ஒன்றோடொன்று பேசுவதற்கென்று பொதுவான வானொலி அலைவரிசையில் கட்டாயம் காது வைத்திருக்க வேண்டும் என்று அந்நாட்டில் அதே ஆண்டில் சட்டம் வந்தது. அந்த விபத்தை நினைக்கும்போதெல்லாம், திரைக்கு முன் உட்கார்ந்து அந்த இரண்டு புள்ளிகள் சேருவதைப் பார்த்துக்கொண்டிருந்தவரின் மனநிலையை நினைத்து என் நெஞ்சு கனக்கும்.

உலக அளவிலான விதிகள் பிறகு படிப்படியாக வந்தன. சர்வதேசக் கடல்சார் அமைப்பு 1985-இல் முதல் வழிகாட்டு நெறிகளையும், 1997-இல் திருத்திய நெறிகளையும், 2021 டிசம்பரில் இப்போது நடைமுறையில் உள்ள தீர்மானத்தையும் நிறைவேற்றியது. இவை எல்லாவற்றிலும் மாறாமல் இருப்பது ஒன்று: கரையிலிருந்து யார் என்ன சொன்னாலும் கப்பலின் பாதுகாப்புக்கான இறுதிப் பொறுப்பு கேப்டனுடையது. அதனால்தான் ஆபரேட்டர் அடைய வேண்டிய விளைவைச் சொல்ல வேண்டும், சுக்கானை எப்படித் திருப்புவது என்று சொல்லக் கூடாது என்ற கொள்கை வகுக்கப்பட்டது. ‘வெளியே வரும் கப்பல் கடந்து போகும் வரை நுழைவாய்க்காலுக்குள் வராதீர்கள்’ என்பது முறையான அறிவுறுத்தல். ‘20 டிகிரி வலப்புறம் திருப்புங்கள்’ என்பது முறையற்றது. வேகத்தைக் குறைப்பதா, வட்டமடிப்பதா, நங்கூரம் இடுவதா என்பதைத் தன் கப்பலின் எடையையும் எந்திரத்தையும் அறிந்த கேப்டன்தான் முடிவு செய்ய வேண்டும்.

இந்தக் கொள்கை மீறப்பட்டால் என்ன ஆகும் என்பதை நானே அனுபவித்திருக்கிறேன். எந்தத் துறைமுகம் என்று சொல்லப் போவதில்லை. இரவு இரண்டு மணி. என் கப்பல் பன்னிரண்டரை மீட்டர் ஆழம் அமிழ்ந்திருந்தது; பைலட் ஏறும் இடத்துக்கு வரச் சொல்லி அனுமதி கிடைத்து, 10 நாட், அதாவது மணிக்கு 10 கடல் மைல், வேகத்தில் போய்க்கொண்டிருந்தேன். துறைமுகத்திலிருந்து ஒரு கப்பல் வெளியே வந்துகொண்டிருக்கிறது என்ற செய்தியைக் கரையிலிருந்து யாரும் எனக்குச் சொல்லவில்லை. 3 கடல் மைல் தொலைவில் என் ராடாரிலேயே அதைக் கண்டேன். அது வாய்க்காலை விட்டு வெளியேறியதும் எனக்குக் குறுக்கே திரும்பத் தொடங்கியது. கரையை அழைத்து அந்தக் கப்பலின் நோக்கம் என்ன என்று கேட்டேன். “காத்திருங்கள்” என்றார்கள். பிறகு நான்கு நிமிடம் அமைதி. எதிரெதிரே 10 நாட் வேகத்தில் வரும் இரண்டு கப்பல்களுக்கு இடையிலான தூரம் நான்கு நிமிடத்தில் ஏறத்தாழ இரண்டரை கிலோமீட்டர் குறைந்துவிடும். அதன் பிறகு வந்த சொல், “வலப்புறம் 20 டிகிரி திருப்புங்கள்” என்பது. என் வலப்புறத்தில் அரை மைலுக்குள் மணல்திட்டு இருந்தது. அந்தச் சொல்லுக்கு நான் கட்டுப்படவில்லை. எந்திரத்தைப் பின்னோக்கி இயக்கி, ஒலி எழுப்பி, கப்பலை நிறுத்தினேன். எதிர்க் கப்பல் நான்கு கேபிள் தொலைவில், அதாவது முக்கால் கிலோமீட்டருக்கும் குறைவான இடைவெளியில், என்னைக் கடந்து போனது.

அந்த ஆபரேட்டர் சோம்பேறி என்று நான் நினைக்கவில்லை. அவருக்கு முன்னால் திரைகள் அதிகமாகவும், பயிற்சி குறைவாகவும், அருகில் கேட்டுத் தெளிவுபெற ஒரு மேற்பார்வையாளர் இல்லாமலும் இருந்திருக்கலாம். ஆனால் என் கப்பலில் 23 உயிர்கள் இருந்தன. அன்று கிடைத்த சேவைக்கு 5-க்கு 1 கூடத் தர மனம் வரவில்லை. பார்க்கும் கண் இருந்தும் சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லாத சேவை, இல்லாததைவிடக் கெடுதலானது. கரை நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்ற நம்பிக்கையில் பிரிட்ஜில் இருப்பவர்கள் தங்கள் விழிப்பைக் கொஞ்சம் தளர்த்திவிடுவார்கள்.

மறுபக்கத்தில், சிங்கப்பூர் நீரிணையில் எனக்குக் கிடைத்த சேவையை நன்றியோடு நினைக்கிறேன். மலாக்கா, சிங்கப்பூர் நீரிணைகளில் 1998 டிசம்பர் முதல் கப்பல்கள் கட்டாயம் அறிக்கை தர வேண்டும். அந்த நீண்ட பாதை ஒன்பது பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. கிழக்கு நோக்கிப் போகும் கப்பல் ஒரு பகுதியிலிருந்து அடுத்ததற்குக் கடக்கும்போது வி.எச்.எஃப். அலைவரிசையையும் மாற்றிக்கொள்ள வேண்டும். சுமத்ரா என்றே அங்கே அழைக்கப்படும் மழைக்காற்று திடீரென்று அடித்த ஒரு விடியற்காலையில், என் ராடார் திரை மழையால் வெளுத்துப் போயிருந்தது. முன்னால் இரண்டு சிறு புள்ளிகள், நடுவில் நல்ல இடைவெளி. அந்த இடைவெளியின் வழியாகப் போகலாம் என்று என் அதிகாரி கணக்குப் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில், நாங்கள் கேட்காமலே கரையிலிருந்து குரல் வந்தது. முதல் சொல் “எச்சரிக்கை”. அடுத்தது எங்கள் கப்பலின் பெயர். பிறகு, “உங்களுக்கு முன்னால் 2 மைலில் இருக்கும் இரண்டும் ஒன்றோடொன்று கட்டப்பட்டவை, ஒரு இழுவைப் படகு நீண்ட கம்பியில் பார்ஜ் என்னும் சரக்கு மிதவை ஒன்றை இழுத்துச் செல்கிறது” என்ற செய்தி. ராடாரில் கம்பி தெரியாது. அந்த இடைவெளிக்குள் நாங்கள் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைக் கடலில் இருந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. எப்படித் திருப்ப வேண்டும் என்று அந்தப் பெண் ஆபரேட்டர் ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. எனக்குத் தெரியாததை, எனக்கு இன்னும் நேரம் இருக்கும்போதே சொன்னார். இதைவிடச் சிறந்த சேவையை நான் எங்கும் பெற்றதில்லை.

செய்தியின் தொடக்கத்தில் ‘எச்சரிக்கை’ என்ற ஒரு சொல்லை வைத்ததும் தற்செயல் இல்லை. 2001-இல் ஏற்கப்பட்ட கடல்சார் தொடர்புச் சொற்றொடர்களில் தகவல், எச்சரிக்கை, அறிவுரை, அறிவுறுத்தல், கேள்வி, பதில், வேண்டுகோள், நோக்கம் என்று எட்டு முன்சொற்கள் உண்டு. தூக்கக் கலக்கத்தில் இருக்கும், ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத ஒரு மாலுமி, முதல் சொல்லைக் கேட்டவுடனே பின்னால் வருவது தான் கீழ்ப்படிய வேண்டியதா, தெரிந்துகொள்ள வேண்டியதா என்று புரிந்துகொள்வதற்காக இவை வகுக்கப்பட்டன. இவற்றை முறையாகப் பயன்படுத்தும் துறைமுகத்தின் குரலை முதல் அரை நிமிடத்திலேயே அடையாளம் கண்டுகொள்ளலாம். ஹோட்டலில் இலையைத் துடைத்துப் போடும் விதத்திலேயே சமையலறையின் சுத்தம் தெரிந்துவிடுவது போல.

நம் நாட்டில் இந்தச் சேவை வளர்ந்துகொண்டிருக்கிறது. கட்ச் வளைகுடாவில் கலங்கரை விளக்கங்களுக்கான மத்திய இயக்ககம் பல ராடார் கோபுரங்களை இணைத்து ஒரு பெரிய சேவையை நடத்துகிறது. 1927-ஆம் ஆண்டின் கலங்கரை விளக்கச் சட்டத்துக்குப் பதிலாக 2021-இல் வந்த கடல்சார் வழிகாட்டு உதவிகள் சட்டம், இந்தச் சேவையையும் அதில் பணிபுரிபவர்களின் பயிற்சியையும் உரிமத்தையும் சட்டத்தின் வரம்புக்குள் கொண்டுவந்தது. சட்டம் கோபுரத்தைப் பற்றி மட்டும் பேசாமல் அதன் கீழே உட்கார்ந்திருப்பவரைப் பற்றியும் பேசியிருப்பதை மனமார வரவேற்கிறேன். இங்கே பலர் குழம்பிக்கொள்ளும் ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். மெரினா கலங்கரை விளக்கத்தில் கடலோரக் காவல் படையின் ராடார் ஒன்று சுழல்கிறது. அது நாட்டின் பாதுகாப்புக்கான கண்காணிப்பு ராடார். துறைமுகத்துக்குக் கப்பலை வழிநடத்தும் சேவை வேறு, அதன் நோக்கமும் வேறு.

துறைமுக வாயில் எவ்வளவு அபாயமான இடம் என்பதற்கு நம் கரையிலேயே சாட்சி இருக்கிறது. 2017 ஜனவரி 28 விடியற்காலையில் எண்ணூருக்கு வெளியே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டதும், கரையில் ஒதுங்கிய எண்ணெய்ச் சேற்றை மீனவர்களும் மாணவர்களும் வாளிகளில் அள்ளியதும் எல்லோருக்கும் நினைவிருக்கும். ஒரு கப்பல் உள்ளே போகிறது, இன்னொன்று வெளியே வருகிறது, வழி ஒன்று. எல்லாத் துறைமுகங்களின் அபாயமும் இந்த ஒரு நிலையில்தான் அடங்கியிருக்கிறது. கரையிலிருந்து வரும் சொல்லுக்கு மிக அதிக விலை இருப்பதும் அங்கேதான்.

இந்தச் சேவையில் எனக்கு இன்னும் நிறைவு தராத பகுதி, சிறு படகுகளைப் பற்றியது. இதற்கு 5-க்கு 2 மட்டுமே தருவேன். ஃபைபர் படகு தண்ணீரில் தாழ்வாக இருக்கும், ராடார் அலையைச் சரியாகத் திருப்பி அனுப்பாது. அலைகளின் எதிரொலியை நீக்குவதற்காக ஆபரேட்டர் திரையைச் சுத்தப்படுத்தினால், அலையோடு சேர்ந்து படகும் அழிந்துவிடுவதுண்டு. விலை குறைந்த ராடார் பிரதிபலிப்பான் ஒன்றைப் படகின் கம்பத்தில் கட்டுவது பெரிய உதவி. ஆனால் எல்லாப் படகுகளிலும் அது இல்லை. கப்பலின் பிரிட்ஜிலிருந்து பார்த்தால் முன்புறத்தில் நூற்றுக்கணக்கான மீட்டர் தூரம் கப்பல் முகப்பின் மறைவில் போய்விடும். அங்கே ஒரு படகு இருந்தால் எங்களுக்குத் தெரியாது. கரையில் இருப்பவருக்குத் தெரிந்தால்தான் உண்டு. அவருக்கும் தெரியவில்லை என்றால் அந்தப் படகில் இருப்பவரின் உயிருக்கு யாரும் பொறுப்பில்லை என்றாகிவிடுகிறது. இதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

குடியாத்தத்தில் இருக்கும் என் அக்காவின் மகன் கப்பல் படிப்பை முடித்துவிட்டு, இப்போது கரை ஆபரேட்டர் ஆவதற்குத் தயாராகிக்கொண்டிருக்கிறான். “கப்பலுக்குப் போகாம ரூமுக்குள்ள உக்காரப் போறேன்னு அம்மா வருத்தப்படறாங்க, மாமா” என்றான். அந்த அறையில் நல்லவர்கள் உட்கார்ந்ததால்தான் நான் இன்று காட்பாடியில் உட்கார்ந்திருக்கிறேன் என்று அக்காவிடம் நானே சொன்னேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் வருவான். திண்ணையில் உட்கார்ந்து நான் கப்பலாகவும் அவன் கரையாகவும் பேசிப் பழகுவோம். சென்ற வாரம் அவன் வேறொரு பயிற்சியைக் கேட்டான். என்னைக் காசிமேட்டுப் படகுக்காரராக இருக்கச் சொன்னான்.

“அண்ணே, வலை போட்டிருக்கீங்களா? வலை எந்தப் பக்கம் ஓடுது?” என்று அழைத்தான்.

“தெற்கால ஓடுது தம்பி, ஒரு மைலு நீளம். இன்னும் ஒரு மணி நேரம் ஆவும் வாங்க” என்றேன்.

அவன் மூச்சு விடாமல் ஆங்கிலத்துக்கு மாறி, எச்சரிக்கை என்ற முன்சொல்லை வைத்து, கப்பலின் பெயரைச் சொல்லி, முன்னால் இருக்கும் படகிலிருந்து தெற்கு நோக்கி ஒரு மைல் நீளத்துக்கு வலை மிதக்கிறது, ஒரு மணி நேரம் ஆகும் என்று அந்த இல்லாத கப்பலுக்குச் சொல்லி முடித்தான். கடிகாரத்தைப் பார்த்தேன், படகுக்காரர் பேசி முடித்ததிலிருந்து பன்னிரண்டு விநாடி ஆகியிருந்தது. இன்னும் குறைக்க வேண்டும் என்று மறுபடியும் தொடங்கினோம்.